மரிம்பா வரிசையில் என் பிள்ளைக்கு எந்த இடம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை மிருதங்க வகுப்பு முடிந்து, வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில்தான் பெற்றோர் பேச்செடுப்பார்கள். இந்தத் தவணையில் இருவர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவருடைய மகளுக்குப் பதினொரு வயது, டவுன் சின்ட்ரோம். வீட்டுக்கு அருகிலுள்ள சாதாரணப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அங்கே நல்ல மரிம்பா (கோலால் தட்டும் மரக்கட்டைக் கருவி) குழு ஒன்று உண்டு. இன்னொருவருடைய மகனுக்கு ஆட்டிசம். சிறப்புப் பள்ளியில் படிக்கிறான். அங்கேயே ஒரு தாளக் குழு இருக்கிறது. ஆனால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பாடகர் குழுவில் அவனுக்கு இடம் தருவதாகச் சொல்கிறார். எங்கே சேர்ப்பது?

நின்ற நிலையில் இருவருக்கும் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் மருத்துவனும் அல்லன், சிறப்புக் கல்வி படித்தவனும் அல்லன். மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன். வாரத்தில் ஒரு மதியம் டர்பனில் ஒரு பள்ளியின் மரிம்பா குழுவுக்குச் சம்பளமில்லாமல் உதவப் போகிறவன். அந்த அளவுக்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆயா கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் சக்கர நாற்காலியில் வரும் ஒரு சிறுமியைக் குழுவில் சேர்த்தோம். அவள் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்து வரிசையின் ஓரத்தில் உட்காரவைத்தேன். "எல்லாரோடும் சேர்ந்து ஆட்டு, போதும்" என்றேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு. மாலையில் அவளை அழைத்துப்போக அவளுடைய ஆயா வந்தார். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பத்து நிமிடம் ஒத்திகையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, நாளைக்கு இவள் வராவிட்டால் உங்கள் பாட்டில் என்ன குறையும்?"

ஒன்றும் குறையாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து எந்தக் குழுவைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஆயாவின் கேள்வியைத்தான். பிள்ளை வராத நாளில் இசையில் ஓர் ஓட்டை கேட்க வேண்டும். மேடையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பதால் மட்டும் அவள் குழுவில் இருப்பதாக ஆகிவிடாது.

எதை வைத்து அளப்பது

ஆயாவின் கேள்விக்கு அடுத்ததாக நான் பார்ப்பவை இவை. பிள்ளையின் உடலும் காதும் அந்த அறையைத் தாங்குமா? பக்கத்தில் நிற்பது யார், அந்த ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? ஒத்திகை முடிந்து வீட்டுக்கு எப்படி வருவது? செலவு யாருடையது? இசை ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறினால் இந்த ஏற்பாடு நிற்குமா, சரியுமா?

இவற்றில் பெற்றோர் அதிகம் யோசிப்பது செலவை. மிகக் குறைவாக யோசிப்பது வண்டியை. ஆனால் பிள்ளைகள் குழுவை விட்டு நிற்பதற்குப் பெரும்பாலும் வண்டிதான் காரணம் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒத்திகைகள் பள்ளி விட்ட பிறகே நடக்கும். சிறப்புப் பள்ளியின் பேருந்து பல ஊர் சுற்றிப் போகவேண்டியது, மணி அடித்ததும் கிளம்பிவிடும். மாத வாடகைக்கு அமர்த்திய வேன்காரரும் ஒரு பிள்ளைக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டார். வாரம் இரண்டு நாள் தனியாக அழைத்துவர ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

முதல் வழி: இருக்கும் குழுவிலேயே சேர்ப்பது

பெற்றோர் பெரும்பாலும் விரும்புவது இதைத்தான். இந்நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி, அரசுப் பள்ளி நியாயமற்ற பாகுபாடு காட்டாமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2001-இல் வந்த கல்வி வெள்ளை அறிக்கை 6, எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்கும் கல்விக்கு இருபது ஆண்டுத் திட்டம் வகுத்தது. 2014-இல் வந்த எஸ்.ஐ.ஏ.எஸ். கொள்கை, பிள்ளைக்கு என்ன ஆதரவு தேவை என்பதை எப்படிக் கண்டறிந்து எழுதுவது என்று சொல்கிறது. வகுப்பாசிரியர் எஸ்.என்.ஏ. 1 என்ற ஆதரவுத் தேவை மதிப்பீட்டுப் படிவத்தைத் தொடங்குவார். அவரால் மட்டும் முடியாதபோது பள்ளியின் ஆதரவுக் குழு கையில் எடுக்கும். பிள்ளைக்கென்று தனி ஆதரவுத் திட்டம் எழுதப்படும்.

நான் பார்த்த திட்டங்களில் வாசிப்பும் கணக்கும் பக்கம் பக்கமாக இருந்தன. இசை ஒரு வரிகூட இல்லை. கேட்டு எழுதவையுங்கள். "மரிம்பா ஒத்திகையில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இடைவேளை" என்று ஒரு வரி காகிதத்தில் இருந்தால், நாளைக்கு ஆசிரியர் மாறினாலும் அந்த வரி இருக்கும்.

மரிம்பாவைத் தெரியாதவர்களுக்கு: மரக்கட்டைகளைச் சுர வரிசையில் சட்டத்தில் கட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒலியைப் பெருக்கும் குழாயைத் தொங்கவிட்ட கருவி. ரப்பர் தலை வைத்த கோலால் தட்டுவார்கள். இங்கே பள்ளிகளில் இருப்பது பெரும்பாலும் சிம்பாப்வேயின் புலவாயோ நகரில் குவனோங்கோமா இசைக் கல்லூரியில் 1960-ஐ ஒட்டி உருவான வகை. சொப்ரானோ, டெனர், பாரிட்டோன், பாஸ் என்று நான்கு அளவு. எழுதிய இசைக்குறிப்பு தேவையில்லை. பக்கத்தில் நின்று பார்த்தும் கேட்டும் கற்பதுதான் வழக்கம். ஒவ்வொருவரும் சிறிய சுற்று ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான கருவி பள்ளியில் கிடைப்பது கடினம் என்பது என் எண்ணம். காரணம் அந்தப் பாஸ். இந்த வட்டாரத்தின் துள்ளல் மெட்டுகள் பலவற்றில் பாஸ் வாசிப்பவருக்குத் தேவை மூன்றே சுரங்கள். நம் கணக்கில் சொன்னால் ஸ, ம, ப. 'ஸ ம ஸ ப' என்று ஒரு சுற்று. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதை நிறுத்திப் பாருங்கள், மேலே சொப்ரானோ எவ்வளவு குதித்தாலும் பாட்டு தரையில் கால் ஊன்றாது. எளிய பங்கும் பொருட்டில்லாத பங்கும் வேறு வேறு. கிலுகிலுப்பையை ஓரமாக ஆட்டுவது இரண்டாவது வகை. பாஸில் மூன்று கட்டைகளுக்கு மூன்று நிறம் ஒட்டிக் கொடுப்பது முதல் வகை.

செய்முறையில் சில விஷயங்கள் உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலர் காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டதை நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். வாய்விளக்கத்தைக் குறைத்து வாசித்துக் காட்டுங்கள். எதிரே நின்று காட்டினால் இடமும் வலமும் தலைகீழாகும், பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். காது மந்தமும் அவர்களிடம் அதிகம் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை காதுப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குக் கோலின் பிடியில் சைக்கிள் கைப்பிடி உறையையோ பஞ்சுக் குழாயையோ மாட்டிப் பருமனாக்கலாம். திடீர் ஒலிக்கு அவர்கள் உடல் தூக்கிப்போடும் என்பதால், "ஒன்று, இரண்டு" என்று எண்ணாமல் எடுப்பைத் தொடங்கக் கூடாது. சட்டத்தின் குறுக்குக்கட்டை சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்காலில் இடித்தால், நான்கு காலுக்கும் அடியில் மரத்துண்டு வைத்து உயர்த்தலாம். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை, கிலுகிலுப்பைதான் தோன்றியது.

எழுத்துக்குழப்பம் (டிஸ்லெக்சியா) உள்ள பிள்ளைகளுக்கு நம் மிருதங்கச் சொற்கட்டு கைகொடுக்கும். எந்தச் சுற்றையும் முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகு கையால் தட்ட வேண்டும், கடைசியில்தான் கோல். ஜூலு மொழி பேசும் பிள்ளைகள் ஒரே மூச்சில் 'தகதிமி தகஜுனு' சொல்வதைக் கேட்பது எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

பாடகர் குழு என்றால் கணக்கு மாறும். இங்கே பள்ளிப் பாடகர் குழுக்களில் மிஷனரிகள் காலத்திலிருந்து 'டோ ரே மீ' எழுத்துக்குறி முறை பரவலாக இருக்கிறது. ச ரி க ம பழகிய வீட்டுப் பிள்ளைக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பார்வையற்ற பிள்ளைக்குப் பாடகர் குழு மிக நல்ல இடம். நடத்துநர் கையசைவோடு மூச்சையும் கேட்கும்படி இழுத்தால் போதும், எடுப்பு பிசகாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அப்படிச் சொல்ல முடியாது. தோளோடு தோள் இடிக்க நிற்பது, ஹாலின் எதிரொலி, கைதட்டல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். வரிசையின் கடைசியில், கதவுக்கு அருகில் இடம் கேளுங்கள். காது மூடி போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியில்தான் அதிகம். வகுப்பில் பக்கத்தில் இருக்கும் உதவியாளரின் சம்பளம் பல குடும்பங்களில் பெற்றோர் தலையில் விழுகிறது. மாலை ஒத்திகைக்கும் அவர் வேண்டுமென்றால் அது கூடுதல் மணிநேரம். இன்னொன்று போட்டி. ஈஸ்டெட்ஃபோட் என்னும் கலைப் போட்டிக்கென்றே வாழும் குழுக்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஆண்டு முழுக்க ஒத்திகைக்கு வந்தான். போட்டி நாளன்று காலையில், "இந்த முறை வேண்டாம்" என்று வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. சேர்க்கும் அன்றே கேட்டுவிடுங்கள்: போட்டி மேடையில் இவள் நிற்பாளா? ஆசிரியர் இழுத்துப் பதில் சொன்னால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிள்ளைக்கு அந்த இசை உண்மையில் பிடித்திருக்க வேண்டும். அரை மணி நேரமாவது அந்த அறையில் இருக்க முடிய வேண்டும். பங்கை மாற்றி அமைக்கத் தெரிந்த, மனமும் உள்ள ஆசிரியர் வேண்டும். மூன்றும் இருந்தால் இந்த வழியைத் தயங்காமல் எடுக்கலாம். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண்.

இரண்டாம் வழி: சிறப்புப் பள்ளியின் தனிக்குழு

உள்ளடக்கும் கல்வி பேசுபவர்கள் இதை இரண்டாந்தரமாகப் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

காது கேளாத பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023-இல் நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியானது. எல்லாரும் சைகையில் பேசும் பள்ளியில், நடத்துநர் சொல்வது எல்லாருக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேரும். சாதாரணப் பள்ளிக் குழுவில் அதே பிள்ளை மொழிபெயர்ப்பவரையோ யாருடைய உதட்டையோ பார்த்துக்கொண்டு எப்போதும் அரைத்தாளம் பின்தங்கி நிற்கும். மரத்தரையில் பெரிய முரசை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசித்தால் அதிர்வு காலில் ஏறும். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற தாளக் கலைஞர் எவலின் கிளெனி, செவித்திறன் பெரிதும் குன்றியவர். வெறுங்காலோடு வாசித்துத்தான் உலக மேடைகளை ஆண்டார். காதுக் கருவி போட்ட பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலான கருவிகள் பேச்சுக்காகச் சீரமைக்கப்பட்டவை, இசை அவற்றில் சிதைந்து கேட்கலாம். இசைக்கென்று தனி அமைப்பு இருக்கிறதா என்று காதொலியியலாளரிடம் கேளுங்கள்.

வலிப்பு அடிக்கடி வரும் பிள்ளைகள், பத்து நிமிடத்துக்கு மேல் கூட்டத்தில் இருக்க முடியாத பிள்ளைகள், மூச்சுக்கோ உணவுக்கோ கருவி தேவைப்படும் பிள்ளைகள் ஆகியோருக்கும் இந்த இடமே நல்லது. தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், வேகத்தைப் பிள்ளை தீர்மானிக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பதினைந்து வயதுப் பையனிடம் மழலைப் பாட்டைக் கொடுத்துக் கைதட்டச் சொல்லும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அவன் வீட்டில் அமாபியானோ என்னும் இந்நாட்டு நடன இசை கேட்டு ஆடுகிறவன். எதிர்பார்ப்பு தாழ்ந்துபோவதுதான் தனிக்குழுவின் பெரிய செலவு, அது எந்த ரசீதிலும் வராது. குழுவின் இசையைக் கேட்பவர்களும் சொந்தப் பெற்றோர் மட்டுமாகவே இருந்துவிடலாம். பள்ளியை விட்டு வெளியே வந்ததும் வாசிக்க இடமில்லாமல் கோல் அலமாரிக்குப் போய்விடும்.

மூன்றாம் வழி: புதிதாக ஓர் இணைக்குழு

பாதிப் பேர் சிறப்புத் தேவையுள்ளவர்கள், பாதிப் பேர் இல்லாதவர்கள். பழைய குழுவில் யாரையும் 'சேர்ப்பது' கிடையாது, முதல் நாளிலிருந்தே எல்லாரும் புதியவர்கள். பாட்டும் அந்தக் கைகளுக்காகவே அமைக்கப்பட்டது. ஆயாவின் கேள்விக்கு இந்த அமைப்பில்தான் நேரான பதில் கிடைக்கிறது. ஆளைப் பார்த்த பிறகே பங்கு எழுதப்படுகிறது அல்லவா!

என் சாய்வை மறைக்கவில்லை. ஆசிரியரும் வண்டியும் அமைந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதையே சொல்வேன். எட்டு அட்சர ஆதி தாளத்தை மரிம்பா சுற்றின் மேல் வைத்து, கையால் தாளம் போடுவதையே ஒரு பங்காக்கினோம். விரல் எண்ண வராதவர்கள் தட்டும் வீச்சும் மட்டும் போட்டார்கள். அவர்கள் தட்டு விழுந்தால்தான் டெனர் நுழையும் என்று விதி வைத்தோம். கை அசைக்கவே கடினமான ஒரு பிள்ளைக்கு, பெரிய பொத்தானை அழுத்தினால் பதிவுசெய்த சுரம் ஒலிக்கும் கருவியை வைத்தோம். மின்கலத்தில் ஓடுவதாக வாங்குங்கள். லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு நாட்களை இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதில் விழும் பெரிய குழி, 'சாதாரண' பிள்ளைகளை உதவியாளர்களாக மாற்றிவிடுவது. பக்கத்தில் நின்று கையைப் பிடித்துத் தட்டவைக்கும் பையனுக்கும் இசை இல்லை, தட்டவைக்கப்படும் பிள்ளைக்கும் இசை இல்லை. மூன்று மாதத்தில் இருவருமே களைத்துப்போவார்கள். ஒவ்வொருவர் கையிலும் சொந்தக் கோல் இருக்க வேண்டும்.

முதல் அரையாண்டில் மேடையே கிடையாது என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஜனவரியில் தொடங்கினால் செப்டம்பர் 24, மரபு நாளை ஒட்டிய பள்ளி நிகழ்ச்சியை முதல் மேடையாக வைக்கலாம். அன்று பொது விடுமுறை என்பதால் அதற்கு முந்தைய நாட்களில் பல பள்ளிகளில் நிகழ்ச்சி உண்டு, மதிப்பெண் கிடையாது. கருவிச் செலவைப் பள்ளி நிர்வாகக் குழுவின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு ஆசிரியரின் ஆர்வத்தில் பிறந்த இணைக்குழு அவர் மாற்றலாகிப் போனதும் செத்துவிடுவதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். தொடங்கும்போதே இரண்டாவது ஆசிரியர் ஒருவர் கூட நிற்கவில்லையென்றால் நான் சேர மாட்டேன்.

நான்காம் வழி: தனிப்பாடமும் இசைச் சிகிச்சையும்

இரண்டையும் பலர் ஒன்றாக எண்ணுகிறார்கள். தனிப்பாடம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும். சிகிச்சையின் நோக்கம் வேறு: பேச்சு, கவனம், அசைவு, மனநிலை. மேடை அதன் இலக்கில் இல்லை. இந்நாட்டில் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இசைச் சிகிச்சைக்கு முதுநிலைப் படிப்பு உண்டு. தொழில் செய்பவர் சுகாதாரத் தொழில்களுக்கான பேரவையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். செலவு அதிகம், பெரிய நகரங்களுக்கு வெளியே ஆள் கிடைப்பதும் அரிது.

அறைக்குள் நுழையவே அஞ்சும் பிள்ளைக்கு இது ஏணியின் முதல் படி. சில மாதம் தனியாக ஒரு சுற்றைக் கற்று, அதே சுற்றோடு குழுவுக்குள் நுழைந்தால் பாதி அச்சம் போய்விடும். குழுவுக்கு மாற்றாக இதையே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதை நான் சொல்ல மாட்டேன். கோயில் பஜனையையும் இந்தப் படியாகப் பயன்படுத்தலாம். கூடத்தில் யாரும் மதிப்பெண் போடுவதில்லை, நடுவில் எழுந்துபோனால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. காவடி மேளத்துக்கு மட்டும் காது மூடி இல்லாமல் அழைத்துப் போகாதீர்கள்.

கேட்ட இருவருக்கும்

ஆட்டிசம் உள்ள பையனைப் பாடகர் குழுவுக்கு இப்போது அனுப்ப வேண்டாம் என்று பிறகு சொன்னேன். அவனுக்குத் தாளம் பிடிக்கிறது, கூட்டம் பிடிக்கவில்லை. சிறப்புப் பள்ளித் தாளக் குழுவில் இருக்கட்டும். ஆனால் அங்குள்ள ஆசிரியரிடம் மழலைப் பாட்டுக்குப் பதிலாக அவன் வயதுக்கான தாளம் கேளுங்கள். பாடகர் குழு ஆசிரியர் நல்ல மனிதர், அவரை இழக்கவும் வேண்டாம். தவணைக்கு ஒரு நாள் அவர் குழுவை அழைத்துவந்து இந்தப் பிள்ளைகளின் தாளத்துக்கு மேல் பாடவைக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். பேருந்து ஒரு முறை வந்தால் போதும், சிறப்புப் பள்ளியின் இருபது பிள்ளைகள் இடம் மாறவேண்டியதில்லை. அந்த அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார், ஆசிரியர் உடனே ஒப்புக்கொண்டாராம்.

பதினொரு வயதுப் பெண்ணுக்கு முதல் வழியையே சொன்னேன். பள்ளி நடந்து போகும் தூரம், வண்டிக் கவலை இல்லை. ஆசிரியர் போட்டிக்கு அலைபவர் இல்லை, எஸ்.என்.ஏ. 1 படிவத்திலும் இசையைச் சேர்த்துவிட்டார்கள். வியாழக்கிழமை போய் பாஸ் மரிம்பாவின் மூன்று கட்டைகளில் நிறக் காகிதம் ஒட்டப் போகிறோம். சிவப்பு, மஞ்சள், நீலம் வாங்கி வைத்திருந்தேன். மஞ்சள் வேண்டாம், 'ம'வுக்குப் பச்சைதான் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.